பல்லில் மாட்டும் தகடு தாடை வலியைத் தீர்க்குமா?

தாடை வலிக்கிறது என்று பல் மருத்துவரிடம் போகிறவர்களில் பலர் ஒரு பிளாஸ்டிக் தகட்டோடு வீடு திரும்புகிறார்கள். அவரவர் பல்வரிசைக்கு அச்செடுத்துச் செய்த தகடு அது. இரவில் பற்களின் மேல் மாட்டிக்கொண்டு தூங்க வேண்டும். ஸ்பிளின்ட் என்பார்கள்; நைட் கார்டு என்றும் சொல்வதுண்டு. “இது என்ன செய்யும்?” என்று கேட்டால், “தாடை சரியாகிவிடும்” என்ற பதிலே பெரும்பாலும் கிடைக்கும். அவசரத்தில் சொல்லப்படும் பதில் அது. ஸ்பிளின்ட் தாடையைச் சரிசெய்வதில்லை. சிலருக்கு வலி குறைய உதவும். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறவர்களின் பற்கள் தேயாமல் காக்கும். அதற்கு மேல் அதன்மீது ஏற்றிவைத்திருக்கும் நம்பிக்கைகளில் பல, சோதித்துப் பார்த்தபோது தேறவில்லை. ஏன் என்று புரிய வேண்டுமானால் முதலில் அந்த மூட்டைப் பார்த்துவிட வேண்டும்.

காதுக்கு முன்னால் இருக்கும் மூட்டு

காதுத் துளைக்குச் சற்று முன்னால் விரலை வைத்துக்கொண்டு வாயைத் திறந்து மூடுங்கள். தோலுக்கு அடியில் ஏதோ உருண்டு நகர்வது தெரியும். கீழ்த்தாடை எலும்பின் மேல்முனையில் இருக்கும் குமிழ் அது. மண்டையோட்டின் பொட்டெலும்பில் உள்ள ஒரு குழியில் அது பொருந்தியிருக்கிறது. இரண்டு எலும்புகளுக்கும் நடுவே நார்க்குருத்தெலும்பால் ஆன சிறு வட்டு ஒன்று இருக்கிறது. நடுவில் மெலிந்தும் ஓரங்களில் தடித்தும் இருக்கும் இந்த வட்டு, குமிழ் நகரும் பக்கமெல்லாம் கூடவே நகரும்.

வாய் திறக்கத் தொடங்கும்போது குமிழ் இருந்த இடத்திலேயே சுழல்கிறது. இன்னும் அகலமாகத் திறக்கும்போது குழியை விட்டு முன்னோக்கிச் சறுக்குகிறது. இப்படிச் சுழற்சியும் சறுக்கலும் சேர்ந்து நடக்கும் மூட்டுகள் உடலில் அதிகம் இல்லை. போதாக்குறைக்கு, வலமும் இடமுமாக இருக்கும் இரண்டு மூட்டுகளும் ஒரே எலும்பின் இரு முனைகள். ஒன்றை விட்டு ஒன்று தனியாக அசைய முடியாது. ஒரு பக்கம் சறுக்காமல் நின்றுவிட்டால் வாய் அந்தப் பக்கமாகக் கோணிக்கொண்டு திறக்கும்.

பெரியவர்களால் பொதுவாக முன்பற்களுக்கு இடையே 40 முதல் 55 மில்லிமீட்டர் வரை வாயைத் திறக்க முடியும். அளவுகோல் இல்லாவிட்டால் சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வாய்க்குள் நுழைத்துப் பாருங்கள். மூன்றும் நுழைந்தால் திறப்பு ஏறக்குறைய இயல்பானது.

இனி தசைகள். பல்லை அழுத்திக் கடித்தால் கன்னத்தில் புடைப்பது ஒன்று, நெற்றிப்பொட்டில் புடைப்பது இன்னொன்று. கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே இரண்டு உண்டு. மெல்லுவதற்காகவே அமைந்த வலுவான தசைகள் இவை. இவற்றைப் பற்றிச் சொல்லக் காரணம், மூட்டு வலி என்று வருகிறவர்களில் பலருக்கும் வலி பிறக்கும் இடம் மூட்டே இல்லை, இந்தத் தசைகள்தான்.

ஓய்வாக இருக்கும்போது உதடுகள் மூடியிருக்கலாம். மேற்பற்களும் கீழ்ப்பற்களும் ஒன்றையொன்று தொடக்கூடாது. நடுவே 2 முதல் 4 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். பற்கள் தொட்டுக்கொள்ள வேண்டிய நேரம் மெல்லும்போதும் விழுங்கும்போதும் மட்டுமே. நாள் முழுவதும் கூட்டினாலும் அது அரைமணி நேரத்தைத் தாண்டாது. இதைப் படித்துக்கொண்டிருக்கும் இந்த நேரத்தில் உங்கள் பற்கள் தொட்டுக்கொண்டிருக்கின்றனவா என்று கவனியுங்கள். தொட்டுக்கொண்டிருந்தால், கன்னத் தசைகள் காரணமே இல்லாமல் உழைத்துக்கொண்டிருக்கின்றன.

வலி ஒன்று, பிறக்கும் இடங்கள் பல

தாடைக் கோளாறுகளை வகைப்படுத்த உலகெங்கும் ஆய்வாளர்கள் இன்று பின்பற்றும் அளவுகோல் 2014-இல் வெளியானது. வலியைப் பற்றிய கேள்விகள், விரலால் அழுத்திப் பார்ப்பது, வாய் எவ்வளவு திறக்கிறது என்று அளப்பது ஆகியவையே அதன் அடிப்படை. விலையுயர்ந்த கருவிகள் எதுவும் வேண்டாம். பெரும்பாலான நோயாளிகளுக்கு ஸ்கேன் கூடத் தேவைப்படாது. எலும்பில் மாற்றம் இருக்குமோ என்ற ஐயம் வந்தால் எக்ஸ்ரேயோ சி.டி.யோ எடுப்பார்கள், வட்டு எங்கே நிற்கிறது என்று பார்க்க எம்.ஆர்.ஐ. தேவைப்படும்.

முதல் வகை தசைவலி. கன்னமோ பொட்டோ அழுத்தினால் நோகும், உணவை மென்றால் வலி கூடும், சிலருக்குத் தலைவலியாகவே தெரியும். மூட்டு காதை ஒட்டி இருப்பதால், காதுவலி என்று எண்ணிக் காது மருத்துவரிடம் போய், காதில் ஒன்றுமில்லை என்று கேட்டுத் திரும்புகிறவர்களும் உண்டு. தசைவலி பல்வலியாகவும் வேடம் போடும். சொத்தையே இல்லாத கடைவாய்ப் பல்லுக்கு வேர்சிகிச்சை செய்துகொள்ளும் அபாயம் இங்கேதான் இருக்கிறது.

இரண்டாவது வகை, வட்டு இடம்பெயர்வது. வட்டு குமிழின் மேலிருந்து முன்னால் நழுவி நிற்கும். வாயைத் திறக்கும்போது குமிழ் அதன் தடித்த ஓரத்தைத் தாண்டி மீண்டும் நடுவே ஏறும். காதருகே கேட்கும் ‘டக்’ அந்தத் தாவலின் சத்தம். வலியே இல்லாமல் இந்தச் சத்தம் மட்டும் வருகிறவர்கள் ஏராளம். வாய் முழுதாகத் திறக்கிறது, வலி இல்லை என்றால் அதற்குச் சிகிச்சை வேண்டியதில்லை. சத்தத்தை நிறுத்துவதற்காகவே ஸ்பிளின்ட் போடலாம் என்று ஒருவர் சொன்னால், இன்னொரு மருத்துவரின் கருத்தையும் கேட்டுவிடுங்கள்.

அந்தச் சத்தம் ஒருநாள் திடீரென்று நின்று, கூடவே வாயும் பாதிக்கு மேல் திறக்காமல் போனால் கதை வேறு. நழுவிய வட்டு திரும்பி ஏறாமல் வழியை மறித்துக்கொண்டு நிற்கிறது என்று பொருள். தாமதிக்காமல் காட்ட வேண்டிய நிலை இது. பயமுறுத்தும் அனுபவம்தான், ஆனால் பெரும்பாலானவர்களுக்கு மாதங்கள் செல்லச் செல்லத் திசுக்கள் நெகிழ்ந்து கொடுக்க, வாய் படிப்படியாகத் திறந்துகொள்ளும்.

மூன்றாவது வகை, மூட்டின் அழற்சியும் தேய்மானமும். மணலை நெரிப்பதுபோன்ற கரகரப்பு கேட்டால் இதை நினைக்க வேண்டும். முடக்குவாதம் உள்ளவர்களுக்கு மற்ற மூட்டுகளைப் போலவே இதுவும் பாதிக்கப்படலாம்.

பழி முழுவதும் பற்கள் மீது விழுந்த கதை

ஸ்பிளின்ட்டின் வரலாறு ஒரு பழைய கருத்தோடு பின்னிக் கிடக்கிறது. 1934-இல் ஜேம்ஸ் காஸ்டன் என்ற அமெரிக்கக் காது மூக்குத் தொண்டை மருத்துவர், 11 நோயாளிகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். காதுவலி, காது அடைப்பு, இரைச்சல், தலைவலி எல்லாவற்றுக்கும் காரணம், கடைவாய்ப் பற்களை இழந்ததால் தாடை அளவுக்கு மீறி மூடிக்கொள்வதுதான் என்றார். அவர் சொன்ன உடற்கூற்றுக் காரணங்கள் பின்னர் தவறென்று தெரிந்தன. ஆனாலும் ‘கடிப்பு (மேற்பற்களும் கீழ்ப்பற்களும் பொருந்தும் விதம்) சரியில்லை, அதனால்தான் வலி’ என்ற எண்ணம் பல் மருத்துவத்தில் பல பத்தாண்டுகள் வேரூன்றி நின்றது. கடிப்பைச் சரிசெய்வதாகச் சொல்லி நல்ல பற்களைத் தேய்த்தார்கள். வரிசையாக உறை போட்டார்கள். வலிக்காகவே கம்பி கட்டினார்கள்.

அமெரிக்காவில் 1976-இல் வெளியான ஓர் ஆய்வு இந்த எண்ணத்தை உலுக்கியது. தாடைத் தசைவலி இருந்த 25 பேருக்குப் பற்களைத் தேய்த்துக் கடிப்பைச் சரிசெய்வதுபோல் நடித்தார்கள். உண்மையில் கடிப்பில் எந்த மாற்றமும் செய்யவில்லை. அவர்களில் 16 பேர் வலி முற்றிலுமோ ஏறக்குறைய முற்றிலுமோ போய்விட்டது என்றார்கள். அவர்களின் வலி பொய் என்று இதற்கு அர்த்தமில்லை. கவனிப்பு, நம்பிக்கை, காலம் மூன்றும் சேர்ந்தால் இந்த வலி எவ்வளவு தூரம் இறங்கும் என்பதை அது காட்டியது. இனி எந்தச் சிகிச்சை தாடை வலிக்குப் பலன் தருகிறது என்று சொன்னாலும், போலிச் சிகிச்சையைவிட அது எவ்வளவு மேல் என்று கேட்காமல் விட முடியாது என்ற நிலை வந்தது.

பின்னர் 2006-இல் அமெரிக்காவில் ஒப்பேரா என்ற பெரிய ஆய்வு தொடங்கியது. தாடைக் கோளாறு இல்லாத 2,737 பேரை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்து, யாருக்குப் புதிதாக வலி வருகிறது என்று பார்த்தார்கள். உடலில் வேறு பல வலிகளும் உபாதைகளும் இருப்பது, தூக்கம் கெடுவது, மன உளைச்சல், தாடையை ஓயாமல் வேலை வாங்கும் பழக்கங்கள், தாடையில் பட்ட அடி போன்றவை முன்னறிவிப்புகளாகத் தெரிந்தன. பல்வரிசையின் ஒழுங்கின்மை மட்டுமே மூலகாரணம் என்ற பழைய கருத்துக்கு இன்று இடமில்லை. பெண்களிடம், அதிலும் 20 வயதுக்கும் 40 வயதுக்கும் இடைப்பட்டவர்களிடம், இந்த வலி அதிகம் காணப்படுகிறது.

ஸ்பிளின்ட்டில் என்ன இருக்கிறது?

அதிகம் பயன்படுவது, பல்வரிசை முழுவதையும் மூடும் கடினமான அக்ரிலிக் தகடு. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உருவான வடிவம் புகழ்பெற்றதால் மிச்சிகன் ஸ்பிளின்ட் என்ற பெயரும் இந்த வகைக்கு உண்டு. மேல்தாடைக்கோ கீழ்த்தாடைக்கோ, ஏதாவது ஒன்றுக்குத்தான் செய்வார்கள். பற்களுக்கு அச்செடுத்தோ வாய்க்குள் ஸ்கேன் செய்தோ, ஆய்வுக்கூடத்தில் வார்ப்பார்கள், கடைவார்கள். இப்போது முப்பரிமாண அச்சிலும் உருவாக்குகிறார்கள்.

தகடு கைக்கு வந்ததும் வேலை முடிந்துவிட்டது என்று நினைக்கக் கூடாது. மருத்துவர் அதை வாயில் பொருத்தி, நிறம் ஒட்டும் மெல்லிய தாளைக் கடிக்கச் சொல்வார். எங்கெங்கே அழுத்தமாகப் பதிகிறதோ அங்கெல்லாம் தேய்த்து, எதிர்வரிசைப் பற்கள் எல்லாம் ஒரே நேரத்தில் ஒரே அழுத்தத்தில் தொடும்படி செய்வார். தாடையைப் பக்கவாட்டில் நகர்த்தும்போது கோரைப்பல் மட்டும் தகட்டில் வழுக்கிச் செல்ல, கடைவாய்ப் பற்கள் விலகி நிற்க வேண்டும். ஸ்பிளின்ட்டின் உயிர் இந்தத் திருத்தத்தில்தான் இருக்கிறது. தசைகள் தளரத் தளரத் தாடை நிற்கும் நிலை சற்று மாறும் என்பதால், சில வாரங்களில் மறுபடியும் பார்த்துத் திருத்த வேண்டும். மாட்டிப் பார்க்காமலேயே பெட்டியில் போட்டுக் கொடுக்கப்படும் ஸ்பிளின்ட்டைப் பற்றி எனக்கு நல்ல எண்ணம் இல்லை.

ரப்பர் போன்ற மென்மையான ஸ்பிளின்ட்டும் உண்டு. விலை குறைவு, செய்வது சுலபம், முதல் நாளிலேயே வாய்க்குப் பழகிவிடும். ஆனால் நுட்பமாகத் திருத்த முடியாது, சீக்கிரம் நைந்துவிடும். மெல்லுவதற்கு ஒன்று கிடைத்தது என்று சிலர் தூக்கத்தில் அதை இன்னும் பலமாகக் கடிப்பதும் உண்டு. வெந்நீரில் போட்டு வீட்டிலேயே கடித்து வடிவமைக்கும் கடைச்சரக்கும் இந்த ரகமே. விளையாட்டு வீரர்கள் அடிபடாமலிருக்க மாட்டும் காப்புறை வேறு நோக்கத்துக்கானது. தாடை வலிக்கு அது மாற்று ஆகாது.

எச்சரிக்கையோடு அணுக வேண்டியவை இரண்டு. ஒன்று, தாடையை முன்னால் இழுத்து நிறுத்தி, நழுவிய வட்டைப் ‘பிடிக்க’ முயலும் வகை. குறிப்பிட்ட சில நிலைகளில், குறுகிய காலத்துக்கு, கூர்ந்த கண்காணிப்பில் அது பயன்படலாம். இரவு பகலாக மாதக்கணக்கில் மாட்டினால் தாடை அந்தப் புது நிலைக்கே பழகிவிடும். கழற்றிய பிறகு கடைவாய்ப் பற்கள் ஒன்றையொன்று தொடாது. அதைச் சரிக்கட்ட உறைகளும் கம்பியும் தேவைப்படும். இன்னொன்று, முன்பற்களில் மட்டும் மாட்டும் சிறு துண்டு. கடைவாய்ப் பற்களுக்கு எதிர்ப்பிடிப்பு இல்லாததால், நீண்ட காலம் அணிந்தால் அவை மெல்ல மேலெழும்பி, முன்பற்கள் சேராமல் போய்விடும். சிறியதாக இருப்பதால் தூக்கத்தில் விழுங்கவோ மூச்சுக்குழாயில் சிக்கவோ வாய்ப்பும் உண்டு.

எப்படி வேலை செய்கிறது?

பற்களுக்கு நடுவே தடுப்பு வந்ததும் கடிக்கும் விசை எல்லாப் பற்களுக்கும் பரவுகிறது. மூட்டின்மீது விழும் பாரம் ஓரளவு மாறுகிறது. வாய்க்குள் ஒரு புதுப்பொருள் இருப்பது, கடிக்கும் பழக்கத்தை நினைவூட்டுகிறது. இவை சொல்லப்படும் விளக்கங்கள். முதல் சில வாரங்களில் இரவுநேரத் தசை இயக்கம் குறைவதைக் கருவிகளில் பதிவு செய்திருக்கிறார்கள். ஆனால் அந்த மாற்றம் பலருக்கு நிலைப்பதில்லை. தூக்கத்தில் பல் கடிப்பதற்கான தூண்டுதல் மூளையிலிருந்து வருகிறது. பற்களின்மேல் என்ன மாட்டினாலும் அது நிற்காது. பல்லுக்குப் பதில் தகடு தேயும். தகட்டில் தேய்ந்த தடங்கள் தெரிந்தால் அது தன் வேலையைச் செய்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

சோதனைகளில் இன்னொரு உண்மையும் வெளிப்பட்டது. அண்ணத்தை மட்டும் மூடி, கடிக்கும் பரப்பைத் தொடாத போலித் தகடுகளைச் சிலருக்குக் கொடுத்தார்கள். அவர்களில் பலருக்கும் வலி குறைந்தது. சில ஆய்வுகளில் உண்மையான ஸ்பிளின்ட் முந்தியது. சிலவற்றில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் மருத்துவரைத் தேடிப் போகிறோம். உச்சத்துக்குப் பிறகு அது இறங்கத்தான் செய்யும். அப்போது வாயில் என்ன இருக்கிறதோ அதற்குப் புகழ் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

2020-இல் பிரிட்டனில் வெளியான விரிவான ஆய்வுத் தொகுப்பு, ஸ்பிளின்ட் வலியைக் குறைக்கிறது என்று சொல்லத் தக்க சான்று இல்லை என்றது. இருக்கும் சான்றுகளின் தரமும் மிகக் குறைவு என்றது. 2023-இல் பி.எம்.ஜே. மருத்துவ இதழ் வெளியிட்ட வழிகாட்டுதல், மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் தாடை வலியைப் பற்றியது. மேற்பார்வையில் செய்யும் தாடைப் பயிற்சி, பயிற்சி பெற்றவர் கையால் மூட்டையும் தசையையும் இயக்கிவிடுவது, வலியோடு வாழக் கற்றுத்தரும் மனநடத்தைச் சிகிச்சை, நோயைப் பற்றிய தெளிவான விளக்கத்தோடு வீட்டில் செய்யும் பயிற்சி ஆகியவற்றை அது உறுதியாகப் பரிந்துரைத்தது. கழற்றக்கூடிய, கடிப்பை மாற்றாத ஸ்பிளின்ட்டை அவ்வளவு வலுவில்லாத தொனியில் வேண்டாம் என்றது. கடிப்பை நிரந்தரமாக மாற்றும் ஸ்பிளின்ட்டை உறுதியாகவே மறுத்தது.

பிறகு ஏன் மருத்துவர்கள் இன்னும் எழுதித் தருகிறார்கள்? சான்றின் தரம் குறைவு என்பதால் இரு பக்கமும் வாதிட இடம் இருக்கிறது. சரியாகச் செய்து இரவில் மட்டும் அணிந்தால் தீங்கு குறைவு. பல் தேய்வதையும் உடைவதையும் அது தடுக்கிறது; அந்தப் பயனில் எனக்கு ஐயமில்லை. வலியைப் பொறுத்தவரை, சுளுக்கிய காலுக்கு ஊன்றுகோல் எப்படியோ அப்படித்தான் ஸ்பிளின்ட்டும். சில நாள் பாரத்தைத் தாங்கும்; காலை ஆற்றுவது ஊன்றுகோல் இல்லை.

எனவே யாருக்கு அது தகும்? காலையில் எழும்போதே தாடை கனத்து நோகிறது, பகல் ஏற ஏறக் குறைகிறது, பற்களில் தேய்மானமோ விரிசலோ தெரிகிறது, கூடப் படுப்பவர் நறநறப்புச் சத்தம் கேட்பதாகச் சொல்கிறார் என்றால் முயன்று பார்க்கலாம். மாலையில் வேலை முடியும் நேரத்தில் வலி ஏறுகிறது என்றால், பெரும்பாலும் பகலில் பல்லை இறுக்கும் பழக்கமே குற்றவாளி. இரவுத் தகடு அதை என்ன செய்துவிடும்?

தகட்டுக்கு முன்னால் செய்ய வேண்டியவை

உதடுகள் சேர்ந்திருக்கட்டும், பற்கள் விலகியிருக்கட்டும், நாக்கின் நுனி மேல் முன்பற்களுக்குப் பின்னால் அண்ணத்தில் லேசாக ஒட்டியிருக்கட்டும். தாடைக்கு ஓய்வு தரும் நிலை இதுதான். கேட்கச் சுலபம், கடைப்பிடிப்பது கடினம். கணினியின் ஓரத்திலோ தொலைபேசியிலோ ஒரு சிறு அடையாளம் ஒட்டிவைத்து, கண்ணில் படும்போதெல்லாம் பற்கள் தொடுகின்றனவா என்று பாருங்கள். முதல் வாரத்தில் எத்தனை முறை பிடிபடுகிறீர்கள் என்பது உங்களுக்கே வியப்பாக இருக்கும். இந்த ஒரு பழக்கத்துக்கு எந்த ஸ்பிளின்ட்டையும்விட அதிக மதிப்புக் கொடுப்பேன்.

வலி அதிகமுள்ள நாட்களில் மென்மையான உணவைச் சிறு கவளமாகச் சாப்பிடுங்கள். சூயிங்கம் வேண்டாம், நகம், பேனா, உதடு எதையும் கடிக்க வேண்டாம். கொட்டாவி வரும்போது முகவாய்க்கு அடியில் கையைக் கொடுத்து, வாய் அளவுக்கு மீறி விரியாமல் தாங்கிக்கொள்ளுங்கள். வெதுவெதுப்பான ஈரத்துணியைக் கன்னத்தில் பத்துப் பதினைந்து நிமிடம் வைப்பது தசைவலிக்கு இதமாக இருக்கும். நாக்கு நுனியை அண்ணத்தில் வைத்தபடியே வாயை மெதுவாகத் திறந்து மூடும் பயிற்சி, மூட்டு அதிகம் சறுக்காமல் சுழல மட்டும் பழக்கும். பயிற்சிகளை இயன்முறை மருத்துவரிடம் (பிசியோதெரபிஸ்ட்) ஒருமுறை நேரில் கற்றுக்கொள்வது நல்லது. வலி மாத்திரை சில நாட்களுக்கு உதவலாம். வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, கர்ப்பம் இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்டே எடுக்க வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு இவ்வளவிலேயே வலி அடங்கிவிடுகிறது.

வலியைத் தீர்ப்பதற்கென்று நல்ல பற்களைத் தேய்ப்பது, முழு வாய்க்கும் உறை போடுவது, திரும்பப் பெற முடியாத அறுவை ஆகியவற்றை யாராவது முதல் சந்திப்பிலேயே சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டாம். 1980-களில் அமெரிக்காவில் வட்டுக்குப் பதிலாக டெஃப்ளான் சேர்ந்த செயற்கைத் துண்டுகளைப் பலருக்குப் பொருத்தினார்கள். அவை மூட்டுக்குள் சிதைந்து சுற்றியிருந்த எலும்பையே அரித்ததால், 1990-களின் தொடக்கத்தில் திரும்பப் பெறப்பட்டன. அந்த நோயாளிகள் பட்ட பாடு, எளிய வழிகள் தீரும் வரை காத்திருப்பதே மேல் என்று இந்தத் துறைக்குக் கற்றுக்கொடுத்தது.

எல்லாத் தாடை வலியும் இந்த வகையைச் சேர்ந்தது என்று இருந்துவிடவும் கூடாது. 50 வயதைத் தாண்டியவருக்குப் புதிதாகப் பொட்டில் தலைவலி, மெல்லும்போது தாடை சோர்ந்து வலிப்பது, பார்வை மங்குவது ஆகியவை வந்தால் அது பொட்டுத் தமனியின் அழற்சியாக இருக்கலாம். பார்வையே பறிபோகும் ஆபத்து உள்ள நோய் அது. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நடக்கும்போதோ மாடி ஏறும்போதோ தாடை வலித்து, நெஞ்சு அழுத்தமோ மூச்சுத்திணறலோ கூட இருந்தால் இதயத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மின்சாரம் பாய்ந்ததுபோல் நொடிக்கணக்கில் வெட்டும் வலி நரம்பு சார்ந்தது. முகத்தில் மரத்துப்போதல், கட்டி, காய்ச்சலோடு வீக்கம், நாளுக்கு நாள் வாய் குறுகிக்கொண்டே போவது, அடிபட்டபின் கடிப்பு மாறியது ஆகிய எவையும் ஸ்பிளின்ட்டுக்காகக் காத்திருக்கக் கூடாதவை.

மாட்டத் தொடங்கிய பிறகு

முதல் சில இரவுகளில் எச்சில் அதிகம் ஊறும், பேச்சு குழறும், தூக்கத்தில் அறியாமல் கழற்றி எறிந்தும் விடுவீர்கள். ஒரு வாரத்துக்குள் பெரும்பாலும் பழகிவிடும். காலையில் கழற்றியதும் பற்கள் சரியாகப் பொருந்தாததுபோல் சில நிமிடங்கள் தோன்றுவது இயல்பு. அந்த உணர்வு மதியம் வரை நீடித்தாலோ, முன்பற்கள் சேராமல் இடைவெளி தெரிந்தாலோ அணிவதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். வலி கூடினாலும் அப்படியே. வேறு விதமாகச் சொல்லப்படாத வரையில் இரவுக்கு மட்டும்தான். பகலிலும் மாட்டினால் சீக்கிரம் குணமாகும் என்று நினைப்பதில் பொருளில்லை.

உரக்கக் குறட்டை விடுகிறவர்கள், தூக்கத்தில் மூச்சு நின்று திடுக்கிட்டு விழிக்கிறவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். தூக்கத்தில் மூச்சுத்தடை உள்ள சிலருக்கு மேல்தாடை ஸ்பிளின்ட் அதை மோசமாக்கலாம். அவர்களுக்குத் தாடையை முன்னிறுத்தும் வேறு கருவிகள் உண்டு. வளரும் வயதுப் பிள்ளைகளுக்குத் தாடையும் பற்களும் மாறிக்கொண்டே இருப்பதால், கடினத் தகட்டை அவசியமில்லாமல் மாட்டுவதில்லை.

காலையில் கழற்றியதும் மென்மையான பிரஷ்ஷில் சிறிது சோப்பு நீர் தொட்டுத் தேய்த்துக் குளிர்ந்த நீரில் கழுவுங்கள். பற்பசையில் உள்ள துகள்கள் பரப்பைக் கீறும்; கீறலில் அழுக்கும் கிருமியும் தங்கும். வெந்நீர் தகட்டைக் கோணலாக்கிவிடும். காற்றோட்டமுள்ள பெட்டியில், வளர்ப்பு நாய்க்கு எட்டாத இடத்தில் வையுங்கள். எச்சில் மணத்துக்காக நாய்கள் இதைக் கடித்துக் குதறுவது பல் மருத்துவர்களுக்குப் பழகிப்போன செய்தி.

மூன்று மாதம் போட்டும் வலியில் மாற்றமில்லை என்றால், இன்னும் விலை கூடிய தகட்டுக்கு மாறுவதற்கு முன் நோயறிதலையே மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். தசைவலி என்று நினைத்தது மூட்டு அழற்சியாக இருக்கலாம். தூக்கமோ மன உளைச்சலோ கவனிக்கப்படாமல் விடுபட்டிருக்கலாம். மனச்சோர்வுக்கு எடுக்கும் சில மாத்திரைகள் பல் கடிப்பதைத் தூண்டுவதும் உண்டு. அப்படித் தோன்றினால் மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம், எழுதித் தந்தவரிடம் பேசுங்கள். வலி அடங்கிவிட்டால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாட்டிப் பார்த்து, மெல்லக் குறைக்கலாம். பல் தேய்மானத்துக்காகப் போடுகிறவர்கள் தொடர்ந்து அணிய வேண்டியிருக்கும். அவர்கள் பல் பரிசோதனைக்குப் போகும்போதெல்லாம் தகட்டையும் கையோடு கொண்டுபோக வேண்டும். இடையில் புதிதாகப் பல் அடைத்தாலோ உறை போட்டாலோ பழைய தகடு சரியாக உட்காராது. அழுத்தி மாட்டாமல், முதலில் திருத்தி வாங்கிக்கொள்ளுங்கள்.